கடலில் கரைந்தோரின் கடிதங்கள்

களத்தில் வீழ்ந்தோர் பலருக்குக் கல்லறை உண்டு. கப்பலோடு மூழ்கிய மாலுமிக்கு அலையே கல்லறை. நீரில் மூழ்கி இறந்தோரும் ஷஹீதுகளே என்பது நபிமொழி.

முதல் உலகப் போரில் (1914–1918) உயிர்நீத்த 2,000க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளை மும்பை கடலோடிகள் இல்லத்து நினைவகம் போற்றுகிறது. மாண்டோர் பெயர் பொறித்த வெண்கல வட்டுகள் குடும்பங்களுக்கு வழங்கப்பெற்றன. அவற்றில் பெயர் உண்டு, பதவி இல்லை.

போர்க்கால மடல்களைத் தணிக்கையாளர் பிரித்துப் படித்தனர். கப்பல் நின்ற துறையையோ சென்ற திசையையோ எழுதலாகாது. ஆதலின் 'நலம், நலமறிய அவா' என்பதே பெரிதும் இல்லம் சேர்ந்தது. அச்சிறு மடலின் அஞ்சல் முத்திரையும் நாளும் இன்று வரலாற்றுச் சான்றுகள்.

கடற்கரைப் பட்டினங்களாயினும், தேவதானம் போன்ற மலையடிவார ஊர்களாயினும், பழம்பெட்டிகளில் அத்தகைய மடல் கிடைப்பின் எறிந்துவிடாதீர்! கல்லறை இல்லாதவனுக்கு அதுவே நடுகல்.