நத்தார் விருந்து: வாங்குவன எவை, சமைப்பன எவை?

வற்றாப்பளையில் வாழும் எமக்குப் பண்டிகை என்றதும் பொங்கலே முதலில் நினைவுக்கு வரும். வைகாசியிற் கண்ணகையம்மன் சந்நிதியிற் பொங்குவோர் எவரும் பொங்கலைக் கடையில் வாங்கி வந்து படைக்க எண்ணார். அங்கே சமைத்தலே வழிபாடு. நத்தார் விருந்தின் இயல்பு வேறு. அதன் தலையாய பண்டமாகிய கேக், பல நாள்களுக்கு முன்பே ஆக்கி வைக்கப்படுவது. ஆகவே நத்தாருக்கு ஆயத்த உணவு வாங்குவதைச் சோம்பல் என்று பழிப்போரின் கூற்று எமக்கு உடன்பாடன்று.

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க இல்லத்தரசியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். டிசெம்பர் 24 இரவில் நள்ளிரவுத் திருப்பலி. 25இல் விருந்து. மறுநாட் காலையிலோ, 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களுக்கு நினைவஞ்சலி. மகிழ்ச்சியும் துயரும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இந்த மூன்று நாள்களிலும் அவள் அடுப்படியிலேயே நிற்பதா? போரின் பின் வன்னியிற் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. பகலிற் கூலிக்கோ உத்தியோகத்துக்கோ சென்று மீள்பவளுக்கு, அன்றொரு பொழுதாவது பிள்ளைகளுடன் அமர்ந்து உண்ணும் உரிமை இல்லையா? போதாக்குறைக்கு மாரி மழையும் ஈர விறகும்.

எனினும் கண்டதையெல்லாம் வாங்குதல் தகாது. நாட்பட நயம் பெறுவதை வாங்குக. ஆறினாற் கெடுவதை வீட்டிலே சமைக்குக. இதுவே நாம் கூறும் வழி.

இலங்கை நத்தார்க் கேக்கில் கோதுமை மாவினும் ரவைக்கே முதலிடம். அதனுடன் வெண்ணெய், முட்டை, மரமுந்திரிகைப் பருப்பு, உலர்ந்த முந்திரிகை, பூசணித் தோசி, இஞ்சிப்பாகு, தேன், பன்னீர் யாவும் சேரும். பழவகைகளைப் பிராந்தியில் ஊறவைப்போரும் உளர். மிகுந்த இனிப்பும் மதுவும் அதனைக் கெடாது காப்பதோடு, நாள் செல்லச் செல்ல வாசனைகளையும் ஒன்றாக்கிவிடும். சிறு துண்டுகளாக்கித் தாளிற் சுற்றி விற்கும் இதனை இரு வாரங்களுக்கு முன்பே வாங்கி வைக்கலாம். இதை வீட்டிற் செய்யப் புகுந்தால் நறுக்கும் வேலையிலேயே ஒரு நாள் போய்விடும். வெண்ணெய்க் கேக்கோ அத்தனை பொறுமையுடையதன்று. அதனை முதல்நாள் வாங்குக. பாலேடு பூசிய கேக்குக்கு ஓயாத குளிர் வேண்டும். மழைக்காற்றில் மின்சாரம் நின்றுபோகும் ஊர்களுக்கு அது ஏற்றதன்று.

விருந்துச் சாப்பாட்டுக்கு எம் தெரிவு இடியப்பம். கேட்டால் அவித்துக் கொடுக்கும் வீடுகள் நம் கிராமங்களில் உள்ளன. வாங்கி வந்ததை உண்ணுமுன் சிறிது நேரம் மீண்டும் ஆவியில் வைத்தால் புதிதுபோலாகும். சொதியையும் கறியையும் மட்டும் வீட்டில் வைத்தாற் போதும். நந்திக்கடல் இறால் கிடைத்தால் அரைமணி நேரத்திற் கறி ஆயத்தம்.

பொதி கட்டிய புரியாணியையும் பொரித்த கோழியையும் விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. சமைத்த உணவை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காலையில் வாங்கிய பொதி மேசையிற் கிடந்து இரவில் இலைக்கு வருவது நஞ்சை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். மீண்டும் சூடாக்கும்போது உள்வரை ஆவி பறக்க வேண்டும். வெறும் வெதுவெதுப்புப் பயன் தராது. யப்பானில் 1974இல் அமெரிக்கக் கோழிப்பொரியற் கடையொன்று செய்த விளம்பரத்தின் பின்னர், நத்தாருக்கு அக்கோழியை முற்கூட்டியே பதிவுசெய்து வாங்கும் வழக்கம் வேரூன்றிற்று. கிறித்தவர் மிகச் சிலரேயுள்ள நாட்டில் இப்படியொரு விந்தை!

அயலாருக்கு அனுப்பும் தட்டிற்குத் தனிக் கவனம் வேண்டும். இக்காலத்தை ஒட்டியே பிள்ளையார் பெருங்கதை விரதமும் திருவெம்பாவையும் வருதலால், சைவ வீடுகள் பலவற்றில் மச்சமும் முட்டையும் விலக்கு. அவ்வீடுகளுக்குப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் பொருந்தும். கொக்கிஸ் மாவில் முட்டை சேர்ப்போரும் இருத்தலால், அதனைக் கேட்டறிந்து வாங்குக. இப்பலகாரங்களை வீட்டிலிருந்தே செய்து விற்கும் பெண்களிடம் வாங்கினால், பணமும் ஊரிலேயே நிற்கும்.

உறையிட்டவற்றிற் காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்கூட அறிவர். மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவு நிறத்தாற் காட்டப்படுகின்றது. சிவப்பு மிகுதியைக் குறிப்பது. சிறுவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள்.

இடியப்பத்துக்கு மட்டும் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைத்தல் வேண்டும். கடைசி நேரத்தில் ஓடிச்சென்று நூறு இடியப்பம் கேட்டால், அவித்துக் கொடுப்பவள் பாவம், என் செய்வாள்? அவளுக்கும் நத்தார் உண்டல்லவா!