டாங்கியின் அடியில் பாருங்கள்!

2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை, மாமல்லபுரம் போகும் வழியில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி அங்கே ஓடிக் காட்டியது. எல்லோர் கண்ணும் பீரங்கிக் குழாய் மேலேதான்! டிப்ளமோ மாணவன் பார்க்க வேண்டியது அடியில் இருக்கும் செயினை.

நம்ம பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் மழை பெய்தால் லோடு லாரி சேற்றில் புதைவதுண்டு. 58 டன்னுக்கு மேல் எடையுள்ள அர்ஜுன் ஏன் அப்படிப் புதைவதில்லை? எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். டயரில் அடிக்கும் காற்றழுத்தம்தான் கிட்டத்தட்ட தரையிலும் இறங்கும். லோடு லாரிக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோ, காருக்கு 2 கிலோ. டாங்கியின் எடை இரண்டு நீளச் செயின்களிலும் பரவுவதால் 1 கிலோகூட வராது!

சரி, அப்போ பாலத்துக்கும் பயமில்லையா? அங்கேதான் ஏமாந்து போவோம். சேற்றுக்கு அழுத்தம் முக்கியம். பாலத்துக்கு மொத்த எடையும் முக்கியம். அதனால்தான் இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிகளின் '70 ஆர்' சுமையில் 70 டன் செயின் வண்டியும் இருக்கிறது. சிவில் நண்பர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் படம் அதுதான். பரீட்சையில் அந்தக் கணக்கு தப்பினால் மார்க் போகும். வேலையில் தப்பினால் பாலத்தில் போகிறவர் உயிர் போகும்.

அடுத்த கண்காட்சியில் டாங்கியோடு போட்டோ எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னே ஒரு தடவை குனிந்து பாருங்கள்!