உடையார்குடிக் கல்வெட்டும் ஆதித்த கரிகாலன் கொலையும்

உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களைக் குறிப்பிடும் கல்வெட்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது. முதலாம் ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது (ஏறத்தாழ பொ.யு. 987). கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலுக்கு அடிப்படையான வரலாற்றுச் சான்றுகளில் ஒன்று.

பின்னணி

ஆதித்த கரிகாலன் சுந்தர சோழனின் மூத்த மகன், ராஜராஜனின் தமையன். சேவூர்ப் போரில் பாண்டியருடன் பொருதவன். வீரபாண்டியனின் தலைகொண்டவன் என்று தன் கல்வெட்டுகளில் கூறிக்கொள்கிறான். பொ.யு. 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொல்லப்பட்டான். சுந்தர சோழனுக்குப் பின் கண்டராதித்தரின் மகன் உத்தம சோழன் அரியணை ஏறினான். அவனை அடுத்து 985-ல் ராஜராஜன் ஆட்சிக்கு வந்தான்.

கல்வெட்டின் செய்தி

உடையார்குடி அக்காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட பெரிய பிரம்மதேயத்தின் பகுதி. அவ்வூர்ச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையைக் கல்வெட்டு கூறுகிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோர் சுட்டப்படுகின்றனர். இவர்கள் உடன்பிறந்தவர்கள்.

இவர்களுடைய உடைமைகள் மட்டுமல்லாமல் பிள்ளைகள், தாய்மாமன்மார், இவர்களின் சகோதரிகளையும் மகள்களையும் மணந்தவர்கள் ஆகியோரின் உடைமைகளும் ஆணைக்கு உட்பட்டன. கொலையில் பங்கில்லாத உறவினரும் நிலத்தை இழந்தனர். அந்நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிய ஒருவர் கோயிலில் உணவளிக்கும் அறத்துக்கு அதை அளித்தார். இந்த அறத்தைப் பதிவு செய்யவே கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கொலையைப் பற்றிய செய்தி அந்நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்பதற்கான விளக்கமாகவே இடம்பெறுகிறது.

கல்வெட்டு கூறாதவை

கொலை எங்கே, எப்படி நடந்தது, காரணம் என்ன, தூண்டியவர் எவர், கொலையாளிகளுக்கு உயிர்த்தண்டனை வழங்கப்பட்டதா என்பவற்றைக் கல்வெட்டு கூறவில்லை. ஆகவே பிற்கால ஊகங்கள் இந்த இடைவெளிகளில் உருவாயின.

ஆய்வாளர்களின் கருத்துகள்

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையே உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் உள்ளது. அவ்வளவு காலம் நடவடிக்கை இல்லாதது ஏன் என்பது இக்கருத்தின் அடிப்படைக் கேள்வி. மக்கள் வேண்டியும், தன் சிறிய தந்தை அரசை விரும்பும்வரை தான் அதை ஏற்பதில்லை என்று ராஜராஜன் விலகியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவதும் சான்றாகக் காட்டப்படுகிறது.

கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தைச் சேர்ந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் காலத்திலும் மதிப்புடன் இருந்தார். உத்தம சோழனின் மகன் ராஜராஜன் ஆட்சியில் பொறுப்பு வகித்தான். தமையனைக் கொன்றவனின் குடும்பத்தை ராஜராஜன் இப்படி நடத்தியிருக்க வாய்ப்பில்லை என்பது மறுப்பாளர்களின் வாதம். மேலும், இது நிலவிற்பனையின் பதிவு என்பதால் இதன் ஆண்டைத் தண்டனை தொடங்கிய ஆண்டாகக் கொள்ள வேண்டியதில்லை.

கொலையாளிகள் பாண்டியர் சார்பில் பழிதீர்த்தனர் என்பது மற்றொரு கருத்து. 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். ஆனால் ராஜராஜனின் தேவியருள் ஒருவரும் பஞ்சவன் மாதேவி என்று பெயர் கொண்டிருந்தார். பரமேசுவரனின் பட்டத்தில் சோழர் பெயரே உள்ளது. எனவே பட்டப்பெயரை மட்டும் கொண்டு இதை உறுதிசெய்ய முடியாது. அப்பட்டங்கள் அவர்கள் அரசு அதிகாரிகளாக இருந்திருக்கலாம் என்பதையே காட்டுகின்றன.

பொன்னியின் செல்வன் நாவலில்

கல்கி 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதினார். நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்று வீராணம் எனப்படும் அந்த ஏரி, கல்வெட்டு உள்ள ஊருக்கு அருகில் உள்ளது. நாவலில் கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறக்கிறான். கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. ரவிதாசன் பாண்டிய ஆபத்துதவியாக வருகிறான். நந்தினி கல்கியின் கற்பனைப் பாத்திரம். கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமில்லாமல் கூறவில்லை.

முக்கியத்துவம்

நாவலும் 2022, 2023 ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களும் இக்கொலையைப் பரவலாக அறியச் செய்தன. அதனால் நாவலின் நிகழ்ச்சிகள் வரலாறாகவே நம்பப்படுவதுண்டு. கல்வெட்டு கொலையாளிகளின் பெயர்களை உறுதியாகத் தருகிறது. உத்தம சோழன் மீதான குற்றச்சாட்டு ஊகமே. அதற்குக் கல்வெட்டில் நேரடிச் சான்று இல்லை.