இரும்பு கடித்த விரல்கள்

ராக் இசை என்றாலே வெறும் கூச்சல் என்று நினைக்கிறோம். மெக்கானிக்கல் படிக்கிற நான் ஒரு ராக் கலைஞரைப் பற்றி எழுதக் காரணம், அவரும் ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்.

பெயர் டோனி அயோமி. 1948-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 17 வயதில் ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விடும் கடைசி நாள். ப்ரஸ் மெஷின் ஆள் வராததால் இவரை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கக்காரர், தந்தியை அழுத்துகிற கையே அதுதான்!

தீ விபத்துக்குப் பின் இரண்டே விரலால் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் போட்டுக் காட்டினார். அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, தேய்த்து அளவாக்கி, மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்தி போட்டார். பின்னாளில் அதையும் தளர்த்தினார். நாம் படித்ததுதான்: இழுவிசை குறைந்தால் அதிர்வெண் குறையும். சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. 1968-ல் தொடங்கிய அவருடைய ‘பிளாக் சாபத்’ குழு, 1971 ஆல்பத்தில் அப்படி வாசித்தது. ஹெவி மெட்டல் இசைக்கு அவர்களே முன்னோடி. 2025 ஜூலையில் சொந்த ஊரிலேயே கடைசிக் கச்சேரி.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீடே நம்பியிருப்பது இந்தக் கையைத்தான். அவர் விடாமுயற்சியைப் போற்றுவோம். ஆனால் நாளை பழகாத மெஷினில், “சும்மா நில்லுப்பா” என்று யார் சொன்னாலும், “கார்டு இருக்கா சார், ஸ்டாப் பட்டன் எங்கே?” என்று கேட்டுட்டு நில்லுங்க!