நில அளவைக் கல்வியும் புதுக் கருவிகளும்

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன்பின் நெடுங்காலம் சங்கிலியும் தியோடலைற்றும் அளவையாளரின் உற்ற துணைகளாய் விளங்கின. இன்றோ, கோணத்தையும் தூரத்தையும் ஒருங்கே அளக்கும் ரோட்டல் ஸ்ரேஷனும், செய்மதிச் சைகைகளைக் கொண்டு இடங்காணும் கருவியும் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆதலின், தொழிற்கல்வி பயிலும் மாணவனுக்கு இவற்றை இயக்கும் முறையைக் கற்பித்தலே போதும் என்பாருமுளர். அது பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

ரோட்டல் ஸ்ரேஷன் அனுப்பும் ஒளி, எதிரே நாட்டப்பட்ட அரியத்திற் பட்டு மீள்கின்றது. அதனைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகின்றது. அரியத்தின் வகைக்கேற்பத் திருத்த மாறிலியொன்றைக் கருவியில் இடுதல் வேண்டும். அது பிழைத்து, ஒவ்வொரு தூரமும் 30 மில்லிமீற்றர் கூடியதெனக் கொள்வோம். 20 மீற்றர்ப் பக்கமுடைய சதுரக் காணி, 400 சதுர மீற்றருக்குப் பதிலாக ஏறத்தாழ 401.2 சதுர மீற்றராகத் தோன்றும். ஆயினும் நான்கு கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகையாகவே இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களின் வழுக்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், அளவை தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியும். மாணவனும் தன் வேலை செம்மையானதென நம்புவான். ஓர் ஒழுங்கையிலுள்ள பத்துக் காணிகள் இவ்வாறு தனித்தனியே அளக்கப்படின், அவற்றின் மொத்த நீளம் 30 சென்ரிமீற்றர் மிகும். நீளம் முன்னரே அறியப்பட்ட கோடொன்றை அளந்து ஒப்பிடுபவனே இதனைக் கண்டறிவான்.

செய்மதிக் கருவி தரும் உயரமும் இத்தகைய விளக்கத்தை வேண்டுவதே. புவியையொத்த கணித வடிவொன்றின் பரப்பிலிருந்தே அது உயரத்தைக் கணிக்கின்றது. இலங்கையை அடுத்த பகுதியிற் கடல் மட்டம் அப்பரப்புக்கு ஏறத்தாழ 100 மீற்றர் கீழே உள்ளது. திருத்தஞ் செய்யாவிடின், கடற்கரையில் நிற்பவனும் பெருங்குழியொன்றினுள் நிற்பதாகவே கணக்குக் காட்டும். இதனை அறியாதவன் வடிகாலுக்கோ வீதிக்கோ உயரங் குறித்தல் எவ்வாறு?

ஆகவே, நாடாவால் அளந்து, கையாற் கணக்கிட்டு, வழுவைத் தேடும் பயிற்சி முதலில் அமைதல் நன்று. பின்னர் அதே நிலத்தைப் புதுக் கருவியால் அளந்து, இரு முடிவுகளும் வேறுபடுமிடத்துக் காரணத்தை மாணவனே ஆராய்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், அளவைப் படமே காணி உரித்துப் பதிவுக்கு அடிப்படையாகின்றது. அயலவர் இருவர் வழக்காடுவதும் இணங்கி வாழ்வதும் அப்படத்தின் திருத்தத்தையும் பொறுத்தன. இப்பொறுப்பை மாணவர் உணரச் செய்வது ஆசிரியரின் தலையாய கடமையாகும்.