இல்லத் திரையரங்குக்கு ஒரு சிறு கணிப்பொறி

கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைகளில், எல்லாம் பொருத்தப்பெற்ற உள்ளங்கையளவுக் கணிப்பொறிகள் இன்று கிடைக்கின்றன. கூடத்தின் பழைய பெரும்பெட்டியை நீக்கி இவற்றுள் ஒன்றை வாங்க முனையும் நாம், முதலில் வேகத்தையே வினவுகிறோம். அது அத்துணை முக்கியமன்று. 2018-இல் வெளியான ஏவி1 முறையில் சுருக்கப்பட்ட படத்தை விரிக்க, சில்லிலேயே தனிப்பகுதி உளதா என்பதே கேள்வி. இல்லையேல் செயலியே முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறும், விசிறி இரையும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) வரும் மௌனங்களை அவ்விரைச்சல் விழுங்கிவிடும். 2023-இல் வந்த இன்டெல் என்100 சில்லு, 6 வாட் அளவுக்கென அமைந்ததாயினும் அப்பகுதியை உடையது. எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பும் வேண்டும், 1.4 எனில் 4கே படம் நொடிக்கு 30 சட்டங்களோடு நின்றுவிடும். விசிறியே இல்லாதவையும் உண்டு. அவற்றை வைகாசிப் புழுக்கத்தில் மூடிய அலமாரிக்குள் வைத்தலாகாது.