ஃபென்விக்: ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளர் ஊர்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் பேசத் தொடங்கும் எவரும் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரையே முதலிற் குறிப்பிடுவர். 1844ஆம் ஆண்டில் அங்கே 28 பேர் கூடிப் பண்டகசாலை ஒன்றைத் திறந்ததும், அங்கத்தினர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப இலாபத்தைப் பங்கிடும் முறையை நிலைநாட்டியதும் நம் சங்கங்களைச் சேர்ந்தோர் பலரும் கேட்டறிந்த செய்தியே. அதற்கு 83 ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள ஒரு சிற்றூரில் கைத்தறி நெசவாளர் சிலர் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டுச் சங்கம் அமைத்தனர் என்பதும், எட்டே ஆண்டுகளில் அச்சங்கம் உணவுப்பொருள் வாங்கி விற்கத் தொடங்கிற்று என்பதும் அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. அவ்வூரின் பெயர் ஃபென்விக்.

அயர்ஷயர் மாவட்டத்தில், கிளாஸ்கோ நகரிலிருந்து கில்மார்னக் நகருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், கில்மார்னக்கிற்கு நான்கு மைல் வடக்கே ஃபென்விக் அமைந்துள்ளது. சதுப்பு நிலத்து ஊர் என்பது அப்பெயரின் பொருள். எழுத்தில் உள்ள 'வி' ஒலியை அங்குள்ளோர் விழுங்கிவிட்டு, ஏறக்குறைய 'ஃபென்னிக்' என்றே சொல்லுவர். ஊருக்கு மேற்புறம் புதர் மண்டிய மேட்டுநிலம். மழையும் ஈரக்காற்றும் ஆண்டின் பெரும்பகுதியில் நீங்குவதில்லை. கோதுமைக்கு ஏற்ற மண் அன்று. ஓட்ஸ் தானியமும் புல்லுமே அங்கு நன்கு விளைவன. ஆகவே குடியானவர்கள் மாடு வளர்ப்பில் தேர்ச்சி பெற்றனர். செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த அயர்ஷயர் பசு இன்று உலகெங்கும் பாலுக்குப் பெயர்பெற்றது; அது உருவான வட்டாரம் இதுவே. பக்கத்து ஊரான டன்லப், தன் பெயராலேயே வழங்கும் பாலாடைக்கட்டியாற் புகழ்பெற்றது. ஓட்ஸை அரைத்த மாவுக் கஞ்சிதான் ஏழை மக்களின் அன்றாட உணவு. அத்தானியத்தின் உமியோடு ஒட்டிய மாவைப் புளிக்கவைத்துப் பெறும் கூழை ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி தோய்க்கவும் பயன்படுத்தினர். ஒரே தானியம் உண்கலத்திற்கும் தறிக்கும் உதவியது. பின்னால் வரும் செய்திக்கு இதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஊரின் இயல்பை அறிய விரும்புவோர் முதலில் அதன் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும். 1643இல் கட்டப்பட்ட அக்கோயில் சிலுவை வடிவினது; 1929இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. குற்றம் செய்தவரை ஊரார் காண நிறுத்திவைக்கும் இரும்புக் கழுத்து வளையம் அதன் சுவரில் தொங்குகிறது. அரசர் தம் விருப்பப்படி பேராயர்களை நியமித்துத் திருச்சபையை ஆளக்கூடாது என்று 1638இல் ஸ்காட்லாந்து மக்கள் திரள்திரளாக ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அவ்வுடன்படிக்கையை இறுதிவரை விடாது பற்றியவர்களை 'உடன்படிக்கையாளர்' என்பர். ஃபென்விக் அவர்களுடைய கோட்டைகளுள் ஒன்று. அவ்வூரின் முதற் குருவான வில்லியம் கத்ரி 1664இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வட்டாரத்துக் குடியானவரான ஜான் பேட்டன் படைத்தலைவராக நின்று போரிட்டு, 1684இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். பலர் கூடி ஒரு தாளிற் கையொப்பமிடுவதும், கையொப்பமிட்டதற்காக எதையும் இழக்கத் துணிவதும் இவ்வூரார்க்குப் பாட்டனார் காலத்துப் பழக்கம். நெசவாளர் சங்கம் இந்த வேரிலிருந்தே முளைத்தது என்பது எம் கருத்து.

1761ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் ஃபென்விக் நெசவாளர் பதினாறு பேர் தம் சங்கத்தின் உடன்படிக்கையிற் பெயரிட்டனர். அக்காலத்து நெசவாளர் வீடு தாழ்ந்த ஓட்டுக் கூரையோ புற்கூரையோ கொண்டது. ஒரு பாதியிற் குடும்பம் வாழும். மறு பாதியில் தறி நிற்கும். தறிக்கூடத்தின் தரையை மண்ணாகவே விட்டிருப்பர். தரையின் ஈரம் இழை அறாமற் காக்கும் என்பதை நம் நெசவாளருக்குச் சொல்லவேண்டியதில்லை.

உடன்படிக்கையின் வாசகம் சுருக்கமானது. சங்கத்தார் ஒருவர்க்கொருவர் நாணயமாகவும் உண்மையாகவும் நடக்க வேண்டும். வேலை கொடுப்போரிடமும் அவ்வாறே நடக்க வேண்டும். நல்ல, குறைவற்ற துணியையே நெய்ய வேண்டும். சுற்றுப்புற ஊர்களில் வழங்கும் கூலியைவிட மிகுதியாகவும் கேட்கலாகாது, குறைவாகவும் ஏற்கலாகாது. இக்கடைசி விதியைச் சிலர் வியப்புடன் நோக்கலாம். கூலியை உயர்த்தத்தானே சங்கம்? தாழ்த்துவதைத் தடுப்பது சரி, உயர்த்துவதையும் ஏன் தடுக்க வேண்டும்? நெசவுத் தொழிலை அறிந்தோர்க்கு விடை எளிதில் விளங்கும். ஒருவன் தன் வீட்டின் வறுமையால் கால்வாசி கூலி குறைத்து ஒரு பாவை ஏற்றுக்கொண்டால், மறுநாள் அதுவே ஊர்க் கூலியாகிவிடும். அவனும் அக்குறைவை ஈடுசெய்ய ஊடையை நெருக்கி அடிக்காமல் விடுவான். துணி தளர்ந்து ஊரின் பெயர் கெடும். மாறாக ஒருவன் மிகுதியாகக் கேட்டால், வேலை அடுத்த ஊருக்குப் போய்விடும். கூலியும் தரமும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்று அவர்கள் கண்டிருந்தனர். துணியின் தரத்திற்குச் சங்கம் பொறுப்பேற்றதனாலேயே கூலியைப் பற்றிப் பேசும் தகுதி அதற்கு வாய்த்தது.

சங்கத்திற்கு ஒரு பெட்டி இருந்தது. அங்கத்தினர் செலுத்திய சிறுதொகைகள் அதிற் சேர்ந்தன. நலிந்தோர்க்கு உதவியும் தேவைப்பட்டோர்க்குக் கடனும் அப்பெட்டியிலிருந்தே சென்றன. நாம் இன்று சிக்கன நாணயச் சங்கம் என்று வழங்குவதன் வேலை இது. பின்னர் 1769ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பெட்டியிலுள்ள பணத்தைக் கொண்டு உணவுப்பொருள் மொத்தமாக வாங்கி, சங்கத்தின் நன்மைக்காகச் சில்லறையாக விற்பதென்று முடிவு செய்தனர். அவர்கள் வாங்கியது பெரும்பாலும் ஓட்ஸ் மாவு. கடைக்காரரிடம் பிடிபிடியாக வாங்குவோன் எப்பொழுதும் மிகுந்த விலையே கொடுக்கிறான். மூட்டையாக வாங்க அவனிடம் முதல் இல்லை. பதினாறு வீட்டுச் சில்லறைகள் ஒரு பெட்டியிற் சேர்ந்தபோது அந்த முதல் உண்டாயிற்று. மக்களிடையே வழங்கும் கதைகளில் 1761ஆம் ஆண்டுக் கையொப்பமும் இம்மாவு மூட்டையும் ஒரே நாளில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படுவதுண்டு. அது பொருந்தாது. முதலில் எட்டாண்டுகள் தொழிலின் நாணயத்தைக் காத்து, ஒருவரையொருவர் நம்பப் பழகிய பின்னரே அவர்கள் வாணிகத்தில் இறங்கினர். இந்த எட்டாண்டு இடைவெளியை விட்டுவிட்டுக் கதை சொல்வது, பாவு ஓடாமல் தறியில் நெய்ததாகச் சொல்வதை ஒக்கும்.

ராச்டேலில் பின்னர் ஏற்பட்ட இலாபப் பங்கீட்டு முறை ஃபென்விக்கில் இல்லை. ஆதலால் இதனை முழுமையான கூட்டுறவுப் பண்டகசாலை என்று சொல்லலாமா என வாதிடுவோர் உளர். வாதம் எப்படியிருப்பினும், எழுத்துச் சான்றுகளுடன் நமக்குக் கிடைத்துள்ள தொடக்ககாலக் கூட்டுறவுச் சங்கங்களுள் முன்னணியில் வைத்து எண்ணப்படுவது இதுவே. அதன் பதிவேடுகள் ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்திற் பேணப்பட்டு வருகின்றன. கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தோர்க்குக் கிடைத்த பெருமை இது. எழுதாமலே மறைந்த சங்கங்கள் வேறு எத்தனையோ இருந்திருக்கலாம்.

ஃபென்விக்கார் பேச்சில் வல்லவர்கள். ஊர்க் குழாயடியில் மாலைதோறும் ஆடவர் கூடி அரசியலும் சமயமும் பேசுவர். அக்கூட்டத்திற்கு 'ஃபென்விக் பாராளுமன்றம்' என்றே பெயர் வழங்கிற்று. 1834இல் அறிவு வளர்ச்சிச் சங்கம் ஒன்றும் தோன்றியது. தொழிலாளர்கள் கூடிப் பொருள் குறித்து வாதிட்டு, நடந்ததை எழுதிவைத்த அதன் குறிப்பேடு 1842 வரை செல்கிறது. நெசவு கைக்கும் காலுக்கும் வேலை தருவதேயன்றி வாயையும் மனத்தையும் கட்டுவதில்லை என்பதை நம்மவரும் அறிவர். அவ்வூரில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஜான் ஃபுல்டன் என்பவர், சூரியனைச் சுற்றிக் கோள்களும் துணைக்கோள்களும் இயங்கும் முறையைப் பற்சக்கரங்களால் காட்டும் பெரிய பொறியொன்றைத் தம் கையாலேயே செய்து 1833இல் முடித்தார். அஃது இன்று கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் காட்சிச்சாலையில் உள்ளது. பள்ளியிற் பெரிதும் பயிலாத ஒரு சக்கிலியரின் வேலைத்திறன் அது என்பதைக் காண்போர் எளிதில் நம்பார்.

இத்தகைய ஊர் ஏன் தறியை இழந்தது? சங்கத்திற் பிளவோ கையாடலோ ஏற்பட்டதனால் அன்று. 19ஆம் நூற்றாண்டில் தென்மேற்கு ஸ்காட்லாந்து நெசவாளர்கள் கிளாஸ்கோ, பேஸ்லி நகர வணிகர்களுக்கே பெரும்பாலும் நெய்தனர். நூல் அவர்களிடமிருந்து முகவர் வழியாக வந்தது. துணி அவர்களிடமே திரும்பியது. சுற்றுப்புற ஊர்க் கூலியைத் தழுவி நின்ற 1761ஆம் ஆண்டு விதி, சுற்றுப்புறம் முழுவதிலும் கூலி விழுந்தபோது எதனையும் தாங்க இயலவில்லை. 1812இல் நீதிபதிகள் வகுத்த கூலிப்பட்டியலை வணிகர்கள் ஏற்க மறுத்ததால் கிளாஸ்கோவைச் சுற்றிலும் பல்லாயிரம் நெசவாளர்கள் தறியை நிறுத்தினர். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது, தலைவர்கள் சிறை சென்றனர், மறு ஆண்டே கூலி வகுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. பின்னர் விசைத்தறி வந்தது. மாவு மூட்டையை வாங்கிய பெட்டியால் நூற்சந்தையையும் துணிச்சந்தையையும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. அது பெட்டியின் குற்றமன்று. அதன் அளவு அவ்வளவே.

1839இல் ஃபென்விக்கார் மற்றொரு சங்கம் அமைத்தனர். ஊரைவிட்டு வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கு உதவும் சங்கம் அது. நாட்டின் மேல் இருள் சூழ்ந்து வருவதாகவும், உழைப்போர் நிலை நாளுக்கு நாள் தாழ்வதாகவும் அதன் நோக்கவுரை கூறிற்று. கூடி வாழ்வதற்குக் கற்றவர்கள் பிரிந்து செல்வதையும் கூடியே திட்டமிட்டனர். பல குடும்பங்கள் கடல் கடந்தன. ஊரில் தறியொலி ஆண்டுதோறும் குறைந்தது. நெசவாளர் சங்கத்தின் அங்கத்தினர் விரல்விட்டு எண்ணும் அளவிற்குச் சுருங்கிய பின்னர், 1873இல் சங்கம் முறைப்படி கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் கிளாஸ்கோவிலிருந்து கில்மார்னக்கிற்குப் புதிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது ஸ்டூவர்ட்டன் வழியாகச் சென்றது; ஃபென்விக்கை அணுகவில்லை.

கடைசி நெசவாளருள் ஒருவரான மாத்யூ ஃபோல்ட்ஸ் 1806இற் பிறந்து 1907இல் மறைந்தார். சங்கம் செழித்திருந்த காலத்தையும் அது கலைந்ததையும், அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலான அமைதியையும் கண்டவர் அவர். அவருடைய மைந்தர் ஜார்ஜ் ஃபோல்ட்ஸ் தென்னாப்பிரிக்கா வழியாக 1885இல் நியூசிலாந்து சென்று துணி வாணிகம் செய்து, பின்னர் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார். தறிக்கூடத்தில் பிறந்த ஒருவர் கல்விப் பொறுப்பை ஏற்றது குழாயடிப் பாராளுமன்றத்தின் பயன் என்றே எமக்குத் தோன்றுகிறது.

இன்றைய ஃபென்விக் கிளாஸ்கோவிற்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று மீள்வோர் பலர் வாழும் அமைதியான ஊர். 2005இல் அகன்ற விரைவுச்சாலை அதன் அருகே திறக்கப்பட்டபின் பழைய நெடுஞ்சாலையில் வண்டிகளின் நெருக்கம் தணிந்தது. நெசவாளர் குடியிருந்த தாழ்ந்த வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றின் தரை இப்பொழுது மண்ணன்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஊரார் சிலர் பழைய பெயரை மீட்டு, 'ஃபென்விக் நெசவாளர் கூட்டுறவு' என்னும் அமைப்பைப் பதிவு செய்தனர். அதில் நெய்வோர் இல்லை. பழைய சங்கத்தின் வரலாற்றைத் திரட்டிக் காப்பதே அதன் பணி.